பீரை ருசி பார்த்துக் குடிப்பது எப்படி? டெல்டாப் பக்கம் யாராவது சொல்லுங்கள்

வெண்ணாறு (மன்னார்குடி)

எல்லோருக்கும் வணக்கம். போன மாதம் வேலையாகப் பெங்களூரு போயிருந்தேன். உடன் வேலை பார்க்கிறவர் இந்திரா நகரில் டாய்ட் என்ற இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். பீரை அங்கேயே காய்ச்சி அங்கேயே ஊற்றித் தருகிறார்கள். கோதுமை பீர் என்று ஒன்று வந்தது, கொஞ்சம் கலங்கலாக, இளமஞ்சள் நிறத்தில். குவளையை மூக்கருகே கொண்டுபோனால் வாழைப்பழ வாசனை. பழம் ஏதாவது போட்டிருக்கிறீர்களா என்று கேட்டேன். தண்ணீர், முளைகட்டிய தானியம், ஹாப்ஸ் பூ, ஈஸ்ட், இந்த நான்கு மட்டும்தான் என்றார்கள்.

அந்த வாசனை இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. பத்து வருடமாக நான் குடித்ததெல்லாம் பல் கூசும் அளவுக்குக் குளிரவைத்த ஸ்ட்ராங் பீர்தான். அதில் என்ன ருசி இருந்தது என்று யாராவது கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

இனிமேல் குறைவாகக் குடித்தாலும் கவனித்துக் குடிக்க ஆசை. அண்ணன், மச்சான், பக்கத்து வீட்டு நண்பர், நான் என்று நான்கு பேர் இருக்கிறோம். வீட்டில் வைத்து ருசி பார்ப்பதானால் எப்படி ஆரம்பிக்க வேண்டும்? இந்த வெயிலில் பாட்டிலை எப்படி வைத்துக்கொள்வது? வெளியூர் போனால் எதைத் தேடிக் குடிக்கலாம்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

அரசலாற்றுப் பாலம் (கும்பகோணம்)

தம்பி, நல்ல கேள்வி. எனக்குப் பீரை விடக் காபியில்தான் அனுபவம் அதிகம். ஆனாலும் வழி இரண்டுக்கும் ஒன்றுதான்.

இணையத்தில் பார்த்தால் பீரை வருணிக்க கிரேப் ஃப்ரூட், பைன் மரம், டாஃபி என்று எழுதியிருப்பார்கள். பைன் மரத்தை நம்மில் எத்தனை பேர் முகர்ந்திருக்கிறோம்? அந்தச் சொற்களை மனப்பாடம் செய்தால் ருசி பிடிபடாது. நம் வீட்டு அஞ்சறைப் பெட்டியிலும் பழக்கடையிலும் இருக்கிற வாசனைகளிலிருந்து ஆரம்பியுங்கள். கசப்பு என்றால் எந்தக் கசப்பு? பாகற்காய்க் கசப்பு நாக்கில் ஒட்டிக்கொண்டு நிற்கும். சுண்டைக்காய் வற்றல் கசப்பு எண்ணெயோடு சேர்ந்து கமகமவென்று வரும். வேப்பம்பூ ரசத்தின் கசப்பு தொண்டையில் இறங்கியதும் மறைந்துவிடும். மூன்றையும் பிரித்துச் சொல்லத் தெரிந்த நாக்குக்குப் பீரின் கசப்பைப் பிரிக்கத் தெரியாதா?

ஒரு நோட்டு போடுங்கள். குடித்தவுடன் தோன்றுவதை உங்கள் பேச்சிலேயே எழுதுங்கள். "பொட்டுக்கடலை வறுத்த வாசனை" என்று தோன்றினால் அப்படியே எழுதுங்கள், அது தப்பில்லை.

முளைதானியம் (பெங்களூரு, சொந்த ஊர் பாபநாசம்)

நான் ஒரு சிறு மதுவடிப்பகத்தில் பீர் காய்ச்சும் வேலையில் இருக்கிறேன். அரசலாற்று அண்ணன் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. எங்கள் இடத்தில் புதிதாகச் சேர்கிறவர்களுக்கு நான் முதலில் முகரக் கொடுப்பது கிராம்பு, கொத்தமல்லி விதை, ஆரஞ்சுத் தோல், காப்பிக்கொட்டை, கனிந்த பழம் இவைதான்.

வெண்ணாறு அண்ணா, நீங்கள் முகர்ந்த வாழைப்பழம் ஈஸ்ட் செய்த வேலை. ஜெர்மன் கோதுமை பீருக்கென்று தனி ஈஸ்ட் வகை உண்டு. அது புளிக்கும்போது ஐசோஅமைல் அசிடேட் என்ற பொருளை உண்டாக்கும். கனிந்த வாழைப்பழத்துக்கு வாசனை கொடுப்பதும் அதே பொருள்தான். அடுத்த முறை இன்னும் கொஞ்சம் ஆழமாக முகருங்கள், பின்னால் கிராம்பு தெரியும். அதுவும் அந்த ஈஸ்ட்டிலிருந்து வருவதுதான். புளிக்கும் சூடு கூடினால் பொதுவாக வாழைப்பழம் தூக்கலாக இருக்கும்.

வீட்டில் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன்.

முதலில் குவளை. எவர்சில்வர் டம்ளர் வேண்டாம், நிறமும் நுரையும் தெரிய வேண்டும். வாய்ப்பக்கம் கொஞ்சம் குறுகிய கண்ணாடிக் குவளை இருந்தால் வாசனை உள்ளேயே நிற்கும். கழுவிய பிறகு சோப்பு போக நன்றாக அலசிக் கவிழ்த்து உலரவிடுங்கள், துணியால் துடைக்க வேண்டாம். பீரை ஊற்றியதும் குவளையின் பக்கச் சுவரில் குமிழ்கள் ஒட்டிக்கொண்டு நின்றால் அங்கே எண்ணெய்ப் பிசுக்கோ அழுக்கோ இருக்கிறது என்று அர்த்தம். நுரை நிற்காததற்கு எண்ணெய் பெரிய காரணம். மிக்சரோ முறுக்கோ சாப்பிட்ட உதட்டோடு குடித்தாலே நுரை அடங்கிப்போகும். அதனால் ருசி பார்க்கிற நேரத்தில் நொறுக்குத் தீனி வேண்டாம், உப்பில்லாத பொரி மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவில் ஒரு கைப்பொரி, இரண்டு வாய்த் தண்ணீர்.

அடுத்தது குளிர்ச்சி. பல் கூசும் குளிரில் நாக்கு மரத்துவிடும், வாசனையும் மேலே வராது. லைட் லாகர் (கடையில் சாதாரணமாகக் கிடைக்கிற வெளிர்நிற பீர்) 4 முதல் 7 டிகிரி வரை, கோதுமை பீர் அதைவிடக் கொஞ்சம் கூடுதல், கசப்பு அதிகமுள்ள ஐபிஏ (இந்தியா பேல் ஏல்) 8 முதல் 10 வரை, கறுப்பு நிற ஸ்டவுட் 10 முதல் 13 வரை இருக்கலாம். டெல்டா சூட்டில் இது எளிது. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்துக் கூடத்தில் வைத்தால் போதும், தானாக ஏறிவிடும். ஸ்டவுட்டைப் பத்துப் பதினைந்து நிமிடம் முன்னதாக எடுத்துவையுங்கள்.

அளவும் முக்கியம். 330 மில்லி பாட்டிலை மூன்று பேர் பகிர்ந்தால் ஆளுக்கு 110 மில்லி. நான்கு வகை பார்த்தாலும் மொத்தம் 440 மில்லிதான். வெளிர் நிறத்தில் ஆரம்பித்துக் கறுப்புக்குப் போங்கள், மென்மையில் ஆரம்பித்துக் கசப்புக்குப் போங்கள். தலைகீழாகப் போனால் கடைசியில் வருவது தண்ணீர் மாதிரி இருக்கும்.

நாற்றங்கால் (திருத்துறைப்பூண்டி)

நான் விவசாயி. எப்போதாவது குடிப்பேன். முளைகட்டிய தானியம் என்று படித்ததும் ஒன்று கேட்கத் தோன்றியது.

நாங்கள் சம்பாவுக்கு விதைநெல்லை ஒரு இரவு ஊறவைப்போம். மறுநாள் தண்ணீரை வடித்துச் சாக்கில் கட்டி, மேலே வைக்கோல் போட்டுப் பாரம் ஏற்றி இருட்டாக வைப்போம். அடுத்த நாள் கையை உள்ளே விட்டால் சூடாக இருக்கும், நெல் தானாகச் சூடேறும். பிரிக்கும்போது ஒரு வாசனை வருமே, இனிப்பும் பச்சையும் கலந்து, மழை பெய்த வைக்கோல் போர் மாதிரி. வெள்ளை முனை எட்டிப்பார்க்கிற ஒரு நெல்லை எடுத்து உமி நீக்கிக் கடித்தால் இனிக்கும். சின்ன வயதில் அப்பாவுக்குத் தெரியாமல் தின்போம்.

பார்லியிலும் இதேதானா?

முளைதானியம்

அண்ணே, அதேதான். பார்லியை ஊறவைத்து, நான்கைந்து நாள் முளைக்கவிட்டு, சூட்டில் உலர்த்தி முளையை நிறுத்துகிறார்கள். அதுதான் மால்ட். முளைக்கும்போது தானியத்துக்குள் உண்டாகிற நொதிகள் மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கும். நீங்கள் கடித்தபோது இனித்ததும் அதனால்தான். அந்தச் சர்க்கரையைத் தின்றுதான் ஈஸ்ட் சாராயச் சத்தையும் கரியமில வாயுவையும் கொடுக்கிறது.

உலர்த்தும் சூடுதான் நிறத்தைத் தீர்மானிக்கும். மெதுவான சூட்டில் உலர்த்தினால் பிஸ்கட், வைக்கோல், தேன் வாசனை. கூடுதல் சூட்டில் பாகு வாசனை. காப்பிக்கொட்டை மாதிரி கறுக்க வறுத்தால் ஸ்டவுட். கைக்குழந்தைக்கு முளைகட்டிய கேழ்வரகை உலர்த்தி வறுத்து மாவரைப்பார்கள் அல்லவா, அந்த வாசனையை நினைவில் வைத்துக்கொண்டு பழுப்பு நிற பீரைக் குடித்துப் பாருங்கள். எனக்கு ஒவ்வொரு முறையும் அம்மா வறுக்கிற சட்டிதான் ஞாபகம் வரும்.

பனையடி (காரைக்கால்)

நான் கொஞ்சம் மாறுபடுகிறேன், யாரும் வருத்தப்பட வேண்டாம். சிறு அளவில் காய்ச்சுகிற இந்த கிராஃப்ட் பீர் எல்லாம் பணம் இருக்கிறவர்களின் பழக்கமாகத்தான் எனக்குத் தெரிகிறது. ருசி பார்த்துக் குடிப்பது நமக்குப் புதிதா? கள்ளுக்கு இல்லாத நுணுக்கமா? காலையில் இறக்கியது இனிப்பாக, லேசான நுரையோடு இருக்கும். மாலைக்குள் புளித்து ஏறிவிடும். பாளை சீவுகிற கை, பானையின் சுத்தம், மரம் நிற்கிற மண், எல்லாம் ருசியில் தெரியும். என் தாத்தா ஒரு வாய் குடித்துவிட்டு இது மேட்டுப் பனை, இது வாய்க்கால் ஓரத்துப் பனை என்று சொல்வார். பானையில் சுண்ணாம்பு தடவினால் அதே பாளை பதநீர் தரும், புளிக்காது. இவ்வளவு நுட்பத்தைக் கையில் வைத்துக்கொண்டு பெல்ஜியத்தையும் ஜெர்மனியையும் ஏன் பார்க்க வேண்டும்?

தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளுக்குத் தடை. எங்கள் பக்கம் இன்னும் கடை இருக்கிறது. ஆனால் மரம் ஏற ஆள் குறைந்துகொண்டே போகிறது. ருசியைப் பற்றி எழுதுகிறவர்கள் அதையும் எழுதுங்கள் என்பதுதான் என் ஆதங்கம்.

அரசலாற்றுப் பாலம்

பனையடி ஐயா, உங்கள் ஆதங்கம் நியாயமானது. கள்ளுக்குச் சொல்ல வேண்டிய அத்தனையும் சொல்லிவிட்டீர்கள். ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். தாத்தா மேட்டுப் பனை, வாய்க்கால் பனை என்று பிரித்தது நாக்கின் பயிற்சி. அந்தப் பயிற்சி பீருக்கும் உதவும், பீரில் பழகினால் கள்ளுக்கும் திரும்பி வரும். ஒன்றை ரசிப்பதால் மற்றது குறையாது.

தானியத்தில் வடித்த கள்ளும் நமக்குப் பழையதுதான். பெரும்பாணாற்றுப்படையில் வருகிறது. குற்றாத அரிசியைக் களியாகத் துழாவி, அகன்ற வாயுள்ள பாத்திரத்தில் ஆற்றி, அடையைக் கலந்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் ஜாடியில் விளையவிட்டு, விரலால் அரித்துப் பிழிந்து எடுக்கிறார்கள். களியாக்கு, ஆற்று, புளிக்கவிடு, வடிகட்டு என்ற அந்த வரிசையை முளைதானியம் தம்பி தன் தொட்டிக்குப் பக்கத்தில் நின்று படித்தால் அவருக்கு வேலைக்குறிப்பு மாதிரி இருக்கும்.

முளைதானியம்

உண்மையிலேயே அப்படித்தான் இருக்கிறது அண்ணா! "ஆற்றி" என்ற இடத்தில் நின்றுவிட்டேன். சூடாக இருக்கும்போது ஈஸ்ட்டைப் போட்டால் செத்துப்போகும், ஆறிய பிறகுதான் போட வேண்டும். எங்களிடம் அதற்கென்றே ஒரு இயந்திரம் இருக்கிறது.

பனையடி ஐயா, கள்ளைப் பற்றித் தனி இழை ஒன்று ஆரம்பியுங்கள். முதல் ஆளாக வந்து படிப்பேன்.

நெறியாளர்

ஒரு குறிப்பு. தமிழ்நாட்டில் 21 வயது நிறையாதவர்களுக்கு மது விற்கக் கூடாது. உரிமம் இல்லாமல் வீட்டில் பீர் காய்ச்சுவது சட்டப்படி குற்றம், அதற்கான செய்முறைகளை இங்கே கேட்க வேண்டாம், எழுதவும் வேண்டாம். காரைக்கால், புதுச்சேரியில் வாங்கியதை எல்லை தாண்டிக் கொண்டுவருவது பற்றிய யோசனைகளும் வேண்டாம். ரத்தத்தில் 100 மில்லிக்கு 30 மில்லிகிராம் ஆல்கஹாலைத் தாண்டிய நிலையில் வண்டி ஓட்டினால் குற்றம். ருசி பார்த்தாலும் குடித்ததுதான், சாவியை வேறு ஒருவரிடம் கொடுத்துவிடுங்கள். இழை நன்றாகப் போகிறது, தொடருங்கள்.

துறைமுகம் (நாகப்பட்டினம்)

கப்பலில் வேலை. பயணத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள், நான் பார்த்ததைச் சொல்கிறேன்.

ஆண்ட்வெர்ப்பில் கப்பல் நின்றபோது ரயில் பிடித்து பிரஸ்ஸல்ஸ் போனேன். அங்கே லாம்பிக் என்று ஒரு வகை. இதற்கு ஈஸ்ட் வாங்கிப் போடுவதில்லை. காய்ச்சிய சாற்றை மாடியில் ஆழமில்லாத, அகலமான செப்புத் தொட்டியில் ஊற்றி இரவு முழுக்கத் திறந்துவைக்கிறார்கள். காற்றில் இருக்கிற நுண்ணுயிர்கள் இறங்கிப் புளிக்கவைக்கின்றன. குளிர்மாதங்களில் மட்டும்தான் காய்ச்சுவார்கள். பிறகு மரப்பீப்பாயில் ஒரு வருடம், இரண்டு வருடம், மூன்று வருடம். பழையதையும் புதியதையும் கலந்து பாட்டிலில் அடைத்தால் அதற்கு கோஸ் என்று பெயர். காண்டிலான் என்ற இடத்தில் காய்ச்சும் கூடத்தையே அருங்காட்சியகமாகச் சுற்றிக்காட்டுகிறார்கள்.

முதல் வாய் நல்ல புளிப்பு, உடம்பு சிலிர்த்தது. கூட வந்தவர்கள் முகத்தைச் சுளித்து வைத்துவிட்டார்கள். எனக்குப் பிடித்தது. காலையில் நீராகாரம் குடித்து வளர்ந்தவன் நான். மண்பானையில் ஊறிய பழைய சோற்றுத் தண்ணீரில் ஒரு புளிப்பு இருக்குமே, அதன் பெரிய அண்ணன் மாதிரி இருந்தது.

ஜெர்மனியில் லைப்சிக் பக்கம் கோஸெ என்று இன்னொன்று உண்டு. பெயர் ஒன்றுபோலக் கேட்கும், இரண்டும் வேறு. இதில் உப்பும் கொத்தமல்லி விதையும் சேர்க்கிறார்கள், புளிப்பும் இருக்கும். உப்பு, மல்லி, புளிப்பு! கோடையில் தேரடியில் கொடுக்கிற நீர்மோர்தான் நினைவுக்கு வந்தது. டெல்டாவிலிருந்து போகிற யாரும் அதைத் தவறவிடாதீர்கள்.

தண்ணீரைப் பற்றியும் சொல்ல வேண்டும். செக் நாட்டில் பில்சன் ஊர்த் தண்ணீர் மிக மென்மையானது. 1842-ல் அங்கே காய்ச்சிய பொன்னிற லாகர்தான் பில்ஸ்னருக்கு மூலம். இங்கிலாந்தில் பர்ட்டன் ஊர்த் தண்ணீரில் ஜிப்சம் அதிகம், அதில் ஹாப்ஸ் கசப்பு சுள்ளென்று தெரியும். கும்பகோணத்துக் காபியை வேதாரண்யத்து உப்புத் தண்ணீரில் போட்டால் எப்படி இருக்கும் என்று தெரிந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

வெண்ணாறு

படிக்கப் படிக்கப் போய்ப் பார்க்க வேண்டும் போலிருக்கிறது அண்ணே.

போன ஞாயிறு எங்கள் முதல் முயற்சி நடந்தது, சரியாக வரவில்லை. வியாழனன்றே திருச்சியில் நான்கு பாட்டில் வாங்கி, கார் டிக்கியிலேயே விட்டுவிட்டேன். மூன்று நாள் வெயில். ஞாயிறு காலையில்தான் ஃபிரிட்ஜில் வைத்தேன். குடித்தால் எல்லாமே ஒரே மாதிரி. மச்சான் சொன்ன வார்த்தையை அப்படியே நோட்டில் எழுதினேன்: "மழையில் நனைந்த அட்டைப்பெட்டி." வாங்கும்போதே கெட்டுப்போயிருந்ததா, நான் கெடுத்தேனா?

முளைதானியம்

உங்கள் மச்சானுக்கு அருமையான நாக்கு! நனைந்த அட்டை என்பது எங்கள் பயிற்சியில் சொல்லித் தருகிற அதே சொல். ஆக்சிஜனும் சூடும் சேர்ந்து பீர் முதுமையடைவதன் அடையாளம் அது. சூடு 10 டிகிரி கூடினால் கெடும் வேகம் ஏறத்தாழ இரண்டு மடங்காகும் என்று கணக்கு வைத்துக்கொள்வோம். மூடிய டிக்கியில் மூன்று நாள் என்றால் எந்த நல்ல பீரும் தாங்காது.

இன்னும் சில கெட்ட வாசனைகளைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். வெண்ணெய் போட்டுப் பொரித்த சோளப்பொரி வாசனை வந்தால் டையசெடில், புளிக்கும் வேலை சரியாக முடியவில்லை. வேகவைத்த சோளம் அல்லது முட்டைக்கோஸ் என்றால் காய்ச்சியதில் குறை. குப்பென்று கந்தக நாற்றம் அடித்தால் வெளிச்சம் பட்டிருக்கிறது. ஹாப்ஸின் கசப்புப் பொருள் வெளிச்சத்தில் உடைந்து அந்த நாற்றம் உண்டாகிறது. பழுப்பு பாட்டில் ஓரளவு காக்கும், பச்சையும் வெள்ளையும் காக்காது, டின் முழுதாகக் காக்கும். வாங்கும்போது தயாரித்த தேதியைப் பாருங்கள். கண்ணாடிக் கதவுக்குப் பக்கத்தில் வெயில் படும்படி நிற்கிற பாட்டிலைத் தொட வேண்டாம். வீட்டுக்கு வந்ததும் நேராக ஃபிரிட்ஜில், நிமிர்த்தி வையுங்கள். பீர் ஊறுகாய் இல்லை, காய்கறி மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள்.

கொடிக்கால் (திருவையாறு)

சாப்பாட்டைப் பற்றி யாருமே பேசவில்லையே! நானும் என் கணவரும் ஊர் ஊராகப் போகும்போது ஒரு பாட்டிலைப் பகிர்ந்து குடிப்போம். எங்களுக்குச் சரியாக வந்தவற்றைச் சொல்கிறேன்.

காரத்தோடு ஐபிஏ சேராது. மிளகு நண்டு வறுவலோடு குடித்துப் பார்த்தோம், கசப்பும் காரமும் ஒன்றையொன்று ஏற்றிவிட்டு நாக்கு எரிந்ததுதான் மிச்சம். குமிழ்களும் எரிச்சலைக் கூட்டும். காரமான சாப்பாட்டுக்கு மால்ட் இனிப்பு தெரிகிற பீர்தான் இதம்.

பெல்ஜியத்து வெள்ளை பீரில், ஹோகார்டன் மாதிரி, கொத்தமல்லி விதையும் ஆரஞ்சுத் தோலும் போடுகிறார்கள். அதற்கு கும்பகோணம் கடப்பா அவ்வளவு பொருத்தம்! பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும் சோம்பும் தேங்காயும், காரம் அடக்கமாக. அப்புறம் இலையில் வைத்துச் சுட்ட கொடுவா மீன்.

ஸ்டவுட்டுக்கு எங்கள் ஊர் அசோகா. நெய்யும் இனிப்பும் நிறைந்த ஒரு கரண்டி, பின்னால் வறுத்த கசப்போடு ஒரு வாய். காபியோடு இனிப்பு சாப்பிடுகிற அதே சுகம். இனிப்பு திகட்டாமல் கடைசி வரை போகும். இதை மட்டும் கட்டாயம் செய்து பாருங்கள்.

நாற்றங்கால்

அசோகாவோடு பீரா! தீபாவளிக்குப் பார்க்கிறேன்.

வெண்ணாறு

இரண்டாவது முயற்சி நேற்று நடந்தது. இந்த முறை ஐஸ்பெட்டியோடு போய் வாங்கிவந்தேன். மூன்று வகை மட்டும். குவளைகளைக் காலையிலேயே கழுவிக் கவிழ்த்துவிட்டேன், உப்பில்லாப் பொரி ஒரு படி.

முதலில் லாகர். அண்ணன் "மாரி பிஸ்கட்" என்றார், நண்பர் "காய்ந்த வைக்கோல்" என்றார். இரண்டையும் எழுதினேன். அடுத்து கோதுமை பீர். வாழைப்பழம் உடனே வந்தது. எந்த வாழைப்பழம் என்று பெரிய விவாதம். பூவன் இல்லை, அதில் புளிப்பு இருக்கும். கடைசியில் தோல் கறுக்கிற அளவுக்குக் கனிந்த ரஸ்தாளி என்று முடிவானது. கிராம்பு எனக்குத் தெரியவில்லை. மச்சானுக்குத் தெரிந்தது. குவளையை உள்ளங்கையில் இரண்டு நிமிடம் பிடித்திருந்துவிட்டு மறுபடி முகரச் சொன்னார். அப்போது எனக்கும் வந்தது, பல்வலிக்குக் கிராம்பு வைத்தால் வருமே, அதே வாசனை.

அப்பா குடிப்பதில்லை. திண்ணையில் உட்கார்ந்து நாங்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்தவர், கொடு பார்ப்போம் என்று பழுப்பு பீர் குவளையை வாங்கி முகர்ந்து மட்டும் பார்த்தார். "விதைநெல் மூட்டை பிரிச்ச மாதிரி இருக்கு, அடுப்புல வாட்டின நெல்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். நாற்றங்கால் அண்ணன் எழுதியதை அவரிடம் நான் சொல்லவே இல்லை. நோட்டில் அப்பா பெயரையும் போட்டு எழுதியிருக்கிறேன்.

ஒரு சந்தேகம். கோதுமை பீர் பாட்டிலின் அடியில் வெள்ளையாக ஏதோ படிந்திருந்தது. ஊற்றாமல் விட்டுவிட்டோம். அது கெட்டுப்போனதா?

முளைதானியம்

இல்லை அண்ணா, அது ஈஸ்ட். கோதுமை பீரில் அதைச் சேர்த்துக் குடிப்பதுதான் வழக்கம். முக்கால் பங்கை ஊற்றிவிட்டு, மிச்சத்தோடு பாட்டிலை மெதுவாகச் சுழற்றிக் கலக்கி நுரையின் மேல் ஊற்றுங்கள். கலங்கல் கூடும், கிராம்பும் இன்னும் நன்றாகத் தெரியும். மற்ற வகைகளில் அடியில் படிந்திருந்தால் கலக்காமல் தெளிவாக வடித்து ஊற்றுங்கள்.

அடுத்த முறை பெங்களூரு வருகிறபோது மைசூர் எக்ஸ்பிரஸில் ஏறுவதற்கு முன் ஒரு வரி எழுதுங்கள். மால்ட் மூட்டையைப் பிரித்துக் காட்டுகிறேன். அப்பாவையும் கூட்டிக்கொண்டு வாருங்கள்.